சேவல், முதலை, கரப்பான்: ஜிம்பாப்வேயின் சுதந்திரமும் ஒரு மிருக நாவலும்

சுதந்திர தின விழா. காலையிலிருந்தே சதுக்கத்தில் கூட்டம் காத்துக் கிடக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. தேசத்தந்தை ஒருவழியாக வந்து சேரும்போது பிற்பகல் மணி 3:28. வந்து இறங்குபவர் ஒரு கிழட்டுக் குதிரை. அவருடைய மனைவி ஒரு கழுதை. பாதுகாப்புக்கு நாய்கள். காத்திருந்த கூட்டத்தில் ஆடு, மாடு, கோழி, பன்றி எல்லாம் உண்டு. மனிதர் மட்டும் ஒருவர்கூட இல்லை.

ஜிம்பாப்வே எழுத்தாளர் நோவயலட் புலவாயோ 2022-இல் வெளியிட்ட 'குளோரி' நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. கதை நடக்கும் நாடு ஜிடாடா. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் 'ஒரு டா, அப்புறம் இன்னொரு டா' என்று சேர்த்துச் சொல்வது அந்த ஊர் வழக்கம். அந்த ஆண்டின் புக்கர் பரிசு இறுதிப் பட்டியலில் இந்த நாவல் இடம்பெற்றது. 2013-இல் அவருடைய முதல் நாவலும் அதே இடத்துக்கு வந்திருந்தது.

யார் யார் என்று கண்டுபிடிக்க மூளையைக் கசக்க வேண்டியதில்லை. கிழட்டுக் குதிரை, ஜிம்பாப்வேயை நீண்ட காலம் ஆண்ட ராபர்ட் முகாபே. கழுதை அவருடைய மனைவி கிரேஸ். நாவலில் அவர் 'டாக்டர் இனிய தாய்'. நிஜத்தில் கிரேஸ் முகாபே 2014-இல், சேர்ந்த சில மாதங்களிலேயே முனைவர் பட்டம் வாங்கியது நாடே பேசிய சமாச்சாரம். கிழவரைக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்காரும் டூவியஸ் டிலைட் ஷாஷா என்ற இன்னொரு குதிரை, இப்போதைய அதிபர் எம்மர்சன் முனங்காக்வா. தேசியக் கொடியின் நிறத்தில் கழுத்துத்துண்டு போட்டுக்கொள்ளும் அவருடைய பழக்கம்கூட விடுபடவில்லை. அமெரிக்காவில் ட்வீட் போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பபூன் குரங்கும் வருகிறது. அது யாரென்று சொல்லத் தேவையில்லை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரொடீசியா என்ற பெயரில் வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட நாடு, நீண்ட ஆயுதப் போராட்டத்துக்குப் பிறகு 1980 ஏப்ரல் 18 அன்று ஜிம்பாப்வே ஆனது. முகாபே 37 ஆண்டுகள் ஆண்டார். 2017 நவம்பரில், அவருக்கு 93 வயதாக இருந்தபோது, ராணுவம் தலைநகருக்குள் டாங்கிகளை ஓட்டி வந்தது. தொலைக்காட்சியில் தோன்றிய ராணுவ அதிகாரி, 'இது ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதல்ல' என்று அறிவித்தார். ஒரு வாரத்தில் முகாபே பதவி விலகினார். மக்கள் தெருவில் இறங்கி டாங்கிகளின் மேல் ஏறி ஆடினார்கள். சில நாள் முன்பு வரை துணை அதிபராக இருந்து விரட்டப்பட்ட முனங்காக்வா, நவம்பர் 24 அன்று அதிபராகப் பதவியேற்றார். அடுத்த ஆண்டு தேர்தல் முடிந்த கையோடு, ஆகஸ்ட் 1 அன்று, ஹராரே தெருக்களில் ராணுவம் சுட்டதில் பொதுமக்கள் ஆறு பேர் செத்தார்கள்.

சரி, இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறவருக்கு மிருகத்தோல் எதற்கு?

வழக்கமாக நாம் சொல்லும் பதில், தணிக்கைக்குப் பயந்து என்பது. மனிதரைச் சொல்ல முடியாதபோது மிருகத்தைச் சொல்வது. நம்மிடமே கிட்டத்தில் அதற்கு உதாரணம் இருக்கிறது. 'மாதொருபாகன்' சர்ச்சைக்குப் பிறகு பெருமாள்முருகன் எழுதிய 'பூனாச்சி'யின் முன்னுரையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றியோ பேரச்சம், மாட்டையும் பன்றியையும் தொடவே கூடாது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் ஆட்டில் நிற்கிறார். 'குளோரி'யின் நாயகியும் ஒரு வெள்ளாடுதான். ஆனால் புலவாயோவின் ஆட்டுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அமெரிக்காவில் வசித்தபடி, முகாபே இறந்து இரண்டரை ஆண்டுக்குப் பிறகு வெளியான நாவல் இது. ஒளித்து வைக்க எதுவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை.

அவர் சொன்ன காரணம் வேறு. அந்த ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி முதலில் கட்டுரையாகத்தான் எழுதத் தொடங்கியிருக்கிறார். அந்த நாட்களில் ஜிம்பாப்வே மக்கள் சமூக ஊடகங்களில் திரும்பத் திரும்ப ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். மனித முதலாளியை விரட்டிவிட்டுப் பன்றிகளின் ஆட்சியில் மாட்டிக்கொள்ளும் பண்ணை மிருகங்களின் கதை அது. நடப்பதைச் சொல்ல அவர்களுக்கு அதுதான் கைக்குக் கிடைத்த மொழி. போதாக்குறைக்கு, சின்ன வயதில் பாட்டி சொன்ன கதைகளில் பேசாத மிருகமே கிடையாது.

அந்த ஊரில் ஆர்வெல்லுக்குத் தனி வரலாறே உண்டு. 2001-இல் ஜிம்பாப்வேயின் 'டெய்லி நியூஸ்' நாளிதழ் 'விலங்குப் பண்ணை'யைத் தொடராக வெளியிட்டது. படத்தில் நெப்போலியன் என்ற பன்றிக்கு முகாபேயுடையதைப் போலவே தடித்த கறுப்பு மூக்குக் கண்ணாடி. அதே ஆண்டில்தான் அந்தப் பத்திரிகையின் அச்சகம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2023-இல் அந்த நாவல் ஷோனா மொழியில் 'சிமுரெங்கா செமுகா' என்ற தலைப்பில் வந்தது. எழுத்தாளர் பெட்டினா கப்பாவும் நண்பர்களும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு. பாத்திரங்கள் ஷோனாவின் வெவ்வேறு வட்டார வழக்குகளில் பேசுகின்றன. தலைப்பில் உள்ள 'சிமுரெங்கா' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது ஏதோ ஒரு கலகத்தைக் குறிக்கும் பொதுச்சொல் இல்லை. வெள்ளையரை எதிர்த்து நடந்த விடுதலைப் போருக்கே அந்த நாட்டில் அதுதான் பெயர். ஆளுங்கட்சி தன் பிதுரார்ஜிதச் சொத்தாக நினைக்கும் சொல்லை எடுத்துப் பண்ணை மிருகங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆர்வெல்லுக்கு அந்தக் கதை எப்படித் தோன்றியது என்பதை 1947-இல் உக்ரைன் மொழிப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு கிராமத்துப் பாதை. பத்து வயது இருக்கும் பையன் ஒருவன், பெரிய வண்டிக் குதிரையை ஓட்டிப் போகிறான். அது வேறு பக்கம் திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையால் அடிக்கிறான். இந்த மிருகங்களுக்குத் தங்கள் பலம் தெரிந்துவிட்டால் நம்மால் என்ன செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த அடிபட்ட குதிரைதான் நாவலில் பாக்ஸர் ஆகிறது. உழைத்தே தேய்ந்து, கடைசியில் குதிரையை வெட்டிப் பசை காய்ச்சுகிறவனுக்கு விற்கப்படுகிற ஜீவன்.

புலவாயோ இங்கே ஒரு காரியம் செய்திருக்கிறார். அவர் எந்த அளவுக்குத் திட்டமிட்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் கண்ணில் படாமல் போகாது. ஆர்வெல்லின் ஆளும் மிருகம் பன்றி. 'குளோரி'யில் பன்றிக்குக் கிடைத்திருப்பது மதபோதகர் வேலை. அரியணையில் இருப்பது குதிரை. அதாவது, அன்று சாட்டையடி பட்ட அதே மிருகம்.

விலங்குப் பண்ணையின் பன்றிகள் முதல் நாளிலிருந்தே பாலையும் ஆப்பிளையும் ஒதுக்கிக்கொண்டவை. அவற்றின் மேல் நமக்கு மரியாதை வருவதே இல்லை. ஜிம்பாப்வேயின் கதை அப்படிப்பட்டதல்ல. முகாபே வெள்ளையர் சிறையில் சுமார் 11 ஆண்டுகள் இருந்தவர். 1966-இல் கானாவில் அவருடைய சின்னஞ்சிறு மகன் இறந்தபோது, போய் அடக்கம் செய்யக்கூட அனுமதி கிடைக்கவில்லை. முனங்காக்வா பத்தாண்டு சிறையில் கழித்தவர், சித்திரவதை அனுபவித்தவர். இவர்கள் வாங்கிய அடி நிஜம். அந்த அடியை வட்டியோடு நாட்டிடம் வசூலித்ததும் நிஜம். அந்தச் சிக்கலைப் பன்றியால் சொல்ல முடியாது, குதிரையால் முடியும்.

மிருகங்கள் எதற்கு என்ற கேள்விக்கு என் மனதில் பட்ட பதில் இன்னொன்று உண்டு. நாவலாசிரியர் வருவதற்கு முன்பே அந்த நாட்டு அரசியல் மிருகங்களால் நிறைந்திருந்தது.

ஷோனா மக்களிடையே குலத்துக்கு ஒரு குலச்சின்னம் உண்டு. பல குலங்களுக்கு அது ஒரு விலங்கு: ஷும்பா என்றால் சிங்கம், ஸோகோ என்றால் குரங்கு, ஸோவ் என்றால் யானை. மரியாதையாக ஒருவரை அழைக்க வேண்டுமானால் அந்தச் சின்னத்தைச் சொல்லியே அழைப்பார்கள். ஆக, அங்கே மனிதரை மிருகப் பெயரால் சொல்வது அதனளவில் வசவு ஆகாது. முகாபேயின் கட்சிக்குச் சேவல் சின்னம். ஜோங்க்வே என்பார்கள். ஹராரேயில் கட்சித் தலைமையகக் கட்டடத்தின் உச்சியிலும் அந்தச் சேவல் நிற்கிறது. முனங்காக்வாவுக்குப் போராட்டக் காலத்திலிருந்தே முதலை என்று பட்டப்பெயர். கட்சிக்குள் அவருடைய கோஷ்டியை ஊடகங்கள் 'லகோஸ்ட்' என்று அழைத்தன. அந்தச் சட்டை நிறுவனத்தின் சின்னம் முதலை என்பதால்!

இதெல்லாம் தங்களுக்கு வைத்துக்கொண்ட மிருகங்கள். மற்றவர்களுக்குக் கொடுத்தது வேறு. 1983 மார்ச்சில், அன்று உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் உளவுக்கும் பொறுப்பான அமைச்சராக இருந்த முனங்காக்வா மேற்குப் பகுதியில் ஒரு கூட்டத்தில் பேசியதை 'குரோனிக்கிள்' நாளிதழ் வெளியிட்டது. கிளர்ச்சிக்காரர்கள் கரப்பான்பூச்சிகள், அவர்களை ஒழிக்க அரசு டிடிடி மருந்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று என்பது பேச்சின் சாரம். டிடிடி என்று அவர் குறிப்பிட்டது ராணுவத்தின் ஐந்தாவது படைப்பிரிவை.

வட கொரியர்கள் பயிற்சி கொடுத்த அந்தப் படைப்பிரிவு, 1983 ஜனவரியில் மாட்டபெலேலாந்துக்குள் இறங்கியது. விடுதலைப் போரில் முகாபேயின் கட்சிக்குப் போட்டியாக இருந்த இன்னொரு கட்சிக்கு அங்கேதான் செல்வாக்கு. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் இண்டெபெலே மொழி பேசுபவர்கள். ஆயுதம் ஏந்தியவர் சில நூறு பேர் இருந்திருக்கலாம். ஆனால் அடி விழுந்தது ஊர்களின்மேல். 1987 டிசம்பரில் இரண்டு கட்சிகளும் ஒப்பந்தம் போட்டு இணைந்தபோதுதான் அது ஓய்ந்தது. கொல்லப்பட்டவர்கள் சுமார் 20,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'குக்குராஹுண்டி'. ஷோனாவில் அதன் பொருள், பெருமழைக்கு முன்னால் வந்து பதரை அடித்துக்கொண்டு போகும் முதல் மழை. கத்தோலிக்க நீதி ஆணையமும் ஒரு சட்ட உதவி அமைப்பும் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் திரட்டி 1997-இல் அறிக்கையாகக் கொண்டுவந்தன. அரசு தரப்பில் விசாரித்த அறிக்கை வெளியே வரவே இல்லை.

ஆக, சேவலும் முதலையும் ஒரு பக்கம், கரப்பான் இன்னொரு பக்கம். சிலருக்கு மிருகப் பெயர் கிரீடம், சிலருக்கு அது மரண ஓலை. புலவாயோ என்ன செய்தார்? எல்லாரையும் ஒரே தொழுவத்தில் கொண்டுவந்து கட்டினார். முதலையை முதலையாக விடாமல் குதிரையாக்கினார். ஜிடாடாவில் கரப்பான் என்று நசுக்க யாரும் இல்லை. அதிபரும் மிருகம், தெருவில் வாழைப்பழம் விற்பவளும் மிருகம். மனிதர் என்று ஒருவர் இருந்தால்தானே அவரை வைத்து அளந்து, இவர் கூடுதல் மனிதர், அவர் குறைவு என்று சொல்ல முடியும்? ஆர்வெல்லின் கடைசிக் காட்சியில் பன்றி முகமும் மனித முகமும் ஒன்றாகத் தெரிவது நமக்கு அதிர்ச்சி தருகிறது. ஜிடாடாவில் அந்த அதிர்ச்சிக்கு வழியே இல்லை. இங்கே செய்தது எல்லாம் நம்ம ஆட்கள்தான்.

சுதந்திரம் என்ற விஷயம் நாவலில் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. விலங்குப் பண்ணையில் மிருகங்கள் விரட்டிய பழைய முதலாளியின் பெயர் ஜோன்ஸ். ஸ்குவீலர் என்ற பேச்சாளப் பன்றிக்கு ஒரே ஒரு பிரம்மாஸ்திரம்: 'ஜோன்ஸ் திரும்பி வர வேண்டும் என்று உங்களில் யாராவது விரும்புகிறீர்களா?' அதோடு எல்லா வாயும் மூடிவிடும். பட்டினியைப் பற்றிக் கேட்டாலும் ஜோன்ஸ், கொலையைப் பற்றிக் கேட்டாலும் ஜோன்ஸ். முகாபேயின் மேடைகளில் அதற்கு நிகராக ஒரு முழக்கம் இருந்தது: 'ஜிம்பாப்வே இனி ஒருபோதும் காலனி ஆகாது.' 2008-இல் விலைவாசி கணக்கே இல்லாமல் ஏறி, அடுத்த ஆண்டு ஜனவரியில் நூறு டிரில்லியன் டாலர் நோட்டு அடிக்கப்பட்டபோதும் அதே முழக்கம். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டால் வெள்ளைக்காரன் கைக்கூலி. சுதந்திரம் பெற்றது ஒருமுறைதான்; அதைக் காட்டி வாயை அடைப்பது தினசரி வேலை.

இதில் ஒரு தகவலை என்னால் மறக்க முடிவதில்லை. வெள்ளையர் அரசு 1965 நவம்பரில் ஒரு நெருக்கடி நிலையை அறிவித்தது. யாரையும் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். முகாபே உள்ளிட்ட தலைவர்களை அடைத்து வைத்திருந்த அரசின் கையில் அதுவும் ஓர் ஆயுதம். 1980-இல் நாடு விடுதலை அடைந்தது. கொடி மாறியது, பெயர் மாறியது. நெருக்கடி நிலை மட்டும் மாறவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போய் 1990-இல்தான் கைவிட்டார்கள். மாட்டபெலேலாந்துப் படுகொலைகள் முழுக்க அந்தக் குடையின் கீழ் நடந்தவை.

அதனால்தான் நாவல் சுதந்திர தின விழாவில் தொடங்குவது முக்கியமாகப் படுகிறது. வருடா வருடம் கொண்டாடப்படும் அந்த நாள் யாருடையது? நாவலின் விழா நடுவே 'காணாமல் போனவர்களின் சகோதரிகள்' என்ற பெண்கள் குழு ஆடையின்றி வந்து நிற்கிறது. எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்கிறது. நிஜத்தில் ஹராரேயில் முகாபே பதவி விலக வேண்டும் என்று தனி ஆளாகப் போராட்டம் தொடங்கிய பத்திரிகையாளர் இட்டாய் ட்ஸமாரா, 2015 மார்ச்சில் முடிவெட்டும் கடையிலிருந்து கடத்தப்பட்டார். இன்றுவரை திரும்பவில்லை.

டெஸ்டினி என்ற வெள்ளாடு பத்து ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டுத் தாய் சிமிசோவைத் தேடி ஊர் திரும்புவது நாவலின் இன்னொரு சரடு. என்னைக் கேட்டால் உயிர் இருப்பது இங்கேதான். குதிரைகளின் அரசியல் கேலிக்கூத்து சிரிக்க வைக்கிறது, கொஞ்ச நேரத்தில் அலுத்தும் விடுகிறது. தாயும் மகளும் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் கதையின் குரலே மாறிவிடுகிறது. சிமிசோ தன் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தாத்தா, பாட்டி, உறவு என்று யாரும் ஏன் இல்லை என்று மகளும் கேட்டதில்லை. இருவரும் புலவாயோ என்ற ஊருக்குப் போகிறார்கள். அங்கே 1983 திறக்கிறது. டெஸ்டினி எழுத உட்காருகிறாள். அவளுடைய புத்தகத்தின் பெயர் 'ஜிடாடாவின் சிவப்பு வண்ணத்துப்பூச்சிகள்'. அப்புறம் அவளுக்கு என்ன ஆகிறது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. படிக்கப் போகிறவர்கள் இருப்பார்கள்.

இந்தத் தாய்-மகள் பகுதியில் மிருகம் என்பது நமக்கு மறந்தே போகிறது. உருவகக் கதைகளில் சாதாரணமாக நடக்காத காரியம் இது. நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் பொறுமை, அவ்வளவுதான் அவற்றின் ஆயுள். சிமிசோ எதற்கும் உருவகமாக நிற்பதில்லை. பிள்ளையிடம் சொல்ல முடியாத ஒன்றை முப்பது வருடத்துக்கு மேல் வயிற்றில் சுமந்த ஒருத்தி, அவ்வளவே. கொம்பும் குளம்பும் இருப்பது தற்செயல்.

கதைசொல்லும் குரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'தொலுகுத்தி' என்ற இண்டெபெலே சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'போய்ப் பார்த்தால்', 'கடைசியில் பார்த்தால்' என்று நம் பாட்டிகள் கதைக்கு நடுவே போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். சொல்பவர் ஒருவர் இல்லை. ஊரே கூடி நின்று சொல்கிறது. வரிசையில் நிற்பவர்கள் சொல்கிறார்கள், ட்வீட்டுகள் சொல்கின்றன. ஆர்வெல்லின் கதையை மேலே நின்று ஒரு நிதானமான குரல் சொல்லும். படிப்பறிவில்லாத மிருகங்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வழியில்லை. விதிகள் எழுதிய சுவரை இரவோடு இரவாக மாற்றினாலும், முன்பு வேறு மாதிரி இருந்ததோ என்று குழம்புவதோடு சரி. ஜிடாடாவின் மிருகங்களிடம் கைபேசி இருக்கிறது. சுவரைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. நானூறு பக்கம் என்பது இந்தக் கேலிக்கு அதிகம். விலங்குப் பண்ணை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தச் சிக்கனம்தான் அதன் பலம். 'தொலுகுத்தி' நூறாவது முறை வரும்போது காது மரத்துப் போகிறது. ஒரே வாக்கியத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பி அச்சிட்டிருக்கும் இடங்கள் உண்டு. சிலருக்கு அது நெஞ்சை அடைக்கும், எனக்குப் பக்கத்தைப் புரட்டத் தோன்றியது. முடிவு நம்பிக்கையோடு இருப்பதில் தவறில்லை, ஆனால் அந்த எழுச்சி கொஞ்சம் சுலபமாகவே வந்துவிடுகிறது. நிஜ ஜிம்பாப்வேயில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதலை இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறது.

மாட்டபெலேலாந்தின் தெற்கே பலக்வே என்ற இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு தடுப்பு முகாம் இருந்தது. செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். உள்ளூர் அமைப்பு ஒன்று அங்கே நினைவுக்கல் வைத்தது. கல் காணாமல் போனது. மறுபடி வைத்தார்கள், உடைக்கப்பட்டது. ஒருமுறை வெடி வைத்தே தகர்த்தார்கள்.

நோவயலட் புலவாயோ என்பது இந்த எழுத்தாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. புலவாயோ அவர் வளர்ந்த நகரம், மாட்டபெலேலாந்தின் தலைநகர். வயலட் அவருடைய அம்மாவின் பெயர். மகளுக்கு 18 மாதம் இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். இண்டெபெலேயில் 'நோ' என்றால் 'உடன்'.